மின்கம்பியாளரின் பயிற்சியும் சான்றும்

கூடலூரிலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் ஏறிச் செல்வோர், லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் மலைச் சரிவில் இறங்கும் நான்கு பெரிய எஃகுக் குழாய்களைக் காண்பர். தேக்கடி ஏரியின் நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, இக்குழாய்களில் பெரும் விசையுடன் இறங்குகிறது. அடிவாரத்திலுள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிய பின்னரே அது கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குச் செல்கிறது. பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டில் பாசனத்திற்காகக் கட்டி முடிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், 1958-ஆம் ஆண்டில், அதே நீரிலிருந்து மின் உற்பத்தியும் தொடங்கிற்று. ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுடைய நான்கு இயந்திரங்கள் படிப்படியாக அங்கே நிறுவப்பட்டன.

இத்தகைய நிலையத்தில் உண்டாகும் மின்சாரம் உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் சென்று, துணை நிலையங்களிலும் மின்மாற்றிகளிலும் படிப்படியாக அழுத்தம் குறைந்து, இறுதியில் 230 வோல்ட் அளவில் வீட்டு வாயிலை அடைகிறது. அதுவரை அதன் பாதை நெடுகிலும் பொறியாளர்களின் கண்காணிப்பு உண்டு. மின் அளவிக்கு அப்பால் உள்ள சில கெஜ தூரமோ, உள்ளூர் மின்கம்பியாளர் ஒருவரின் கைவேலையை நம்பியே இருக்கிறது. குளிர்ந்த ஈரச் சுவர்களும் பாறை நிலமும் நிறைந்த குமுளி போன்ற மலையூரில் இந்தக் கடைசிப் பகுதியே ஆபத்து மிகுந்த பகுதி எனலாம். ஆகவே, அவ்வேலையைச் செய்பவர் யார், அவர் எங்கே பயின்றார், எத்தனை ஆண்டுகள் பழகினார் என்னும் வினாக்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் உயிரையும் பற்றியவை.

சட்டம் கூறுவது

மின்கம்பி வேலையை எவரும் செய்யலாம் என்ற நிலை இந்நாட்டில் நெடுங்காலமாகவே இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதனைத் தெளிவாக வரையறுத்தது. 2003-ஆம் ஆண்டில் புதிய மின்சாரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டிலும், பின்னர் 2023-ஆம் ஆண்டிலும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. விதிகளின் பெயரும் எண்ணும் மாறிய போதிலும் அவற்றின் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை மூன்று நபர்களைக் குறிப்பிடுகிறது. முதலாமவர், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்; வேலையை ஏற்று நடத்துபவர் அவரே. இரண்டாமவர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர். வேலை அவருடைய நேரடி மேற்பார்வையில் நடைபெற வேண்டும். மூன்றாமவர், தம் கையால் வேலை செய்யும் மின்கம்பியாளர். மாநில அரசு வழங்கிய, அல்லது ஏற்றுக்கொண்ட, அனுமதிச் சான்று அவரிடம் இருத்தல் வேண்டும். விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்சு போன்றவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதவாறு, பழையது போலவே மாற்றிப் பொருத்துவதற்கு மட்டும் இந்நிபந்தனை இல்லை. புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் அமைப்பதும், நீர் சூடாக்கும் கருவிக்குத் தனிக் கம்பி இழுப்பதும், மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பதும் இச்சலுகைக்குள் அடங்கா.

இச்சான்றுகளை வழங்கும் பொறுப்பு அந்தந்த மாநிலத்தின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் ஒரு வாரியமும் கேரளத்தில் மற்றொரு வாரியமும் உள்ளன. குமுளியில் இவ்வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்படும் ஒன்று. கடைத்தெருவின் ஒரு முனை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது; சோதனைச் சாவடியைக் கடந்தால் தேனி மாவட்டம். கம்பத்திலும் கூடலூரிலும் வசிக்கும் தொழிலாளர் பலர் காலையில் மலையேறி வந்து வேலை செய்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர். விதியில் உள்ள ‘ஏற்றுக்கொண்ட’ என்னும் சொல்லை இவர்கள் நன்கு கவனித்தல் நலம். ஒரு மாநிலத்தின் சான்று அடுத்த மாநிலத்தில் தானாகவே செல்லும் என்று கருதலாகாது. வேலை நடைபெறும் மாநிலத்தின் வாரியம் அதனை ஏற்றுள்ளதா என்பதை முன்னதாகவே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

அனுபவம் ஏன் வேண்டும்?

பாடநூலைப் படித்துத் தேர்வெழுதினால் போதாதா, ஆண்டுக்கணக்கில் அனுபவம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பள்ளிக் கரும்பலகையில் எளிதாகப் போட்டுக் காட்டக்கூடிய ஒரு கணக்கினால் இதற்கு விடை கூறலாம்.

ஒரு வீட்டில் நீர் சூடாக்கும் கருவி இருக்கிறது. அதன் உட்புறக் காப்பு பழுதுற்று, மின்கம்பி அதன் இரும்புக் கூட்டைத் தொட்டுவிடுகிறது. கூடு நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அதாவது எர்த் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாறை நிலத்தில் ஆழமின்றிப் புதைத்த குழாயாதலால், அதன் தடை 20 ஓம். மின்மாற்றியின் பக்கத்தில் உள்ள நில இணைப்பின் தடை 3 ஓம் எனக் கொள்வோம். மொத்தத் தடை 23 ஓம். 230 வோல்ட்டை 23-ஆல் வகுத்தால் நிலத்திற்குள் பாயும் மின்னோட்டம் 10 ஆம்பியர். அந்த இணைப்பில் உள்ள ஃபியூஸோ 16 ஆம்பியரைத் தாங்கக்கூடியது. ஆகவே அது உருகாது. பத்து ஆம்பியர் மின்னோட்டம் 20 ஓம் தடை வழியே பாயும்போது, கருவியின் கூட்டில் 200 வோல்ட் அழுத்தம் நிலைத்து நிற்கும்.

ஈரக் கையுடனும் வெறுங்காலுடனும் ஒருவர் அதனைத் தொடுகிறார். நனைந்த நிலையில் மனித உடலின் தடை சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், அவர் உடலில் பாயும் மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பற்றிய பொருளை விட இயலாமற் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல், சிறிது நேரம் நீடித்தாலும், உயிருக்கு ஆபத்து. 200 மில்லி ஆம்பியர் இதயத்தின் ஒழுங்கான துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கவல்லது.

இவ்வீட்டில் எர்த் கம்பி இருந்தது, ஃபியூஸும் இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விளக்குகள் எரிந்தன, கருவியும் நன்றாகவே வேலை செய்தது. குறை இருந்த இடம் மண்ணுக்குள். அதனைக் காட்டக்கூடியது அளவு கருவி ஒன்றே. விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுபவருக்கும், அளந்து பார்க்காமல் வேலை முடியவில்லை என்று அறிந்தவருக்கும் உள்ள வேற்றுமை இதுவே. அனுபவ ஆண்டுகள் கோரப்படுவது இந்த இரண்டாம் பழக்கம் கையில் ஊறுவதற்காகவேயாகும்.

30 மில்லி ஆம்பியரில் இயங்கும் மின்கசிவுத் துண்டிப்பான் அவ்வீட்டில் பொருத்தப்பட்டிருந்தால், கசிவு தோன்றிய கணமே இணைப்பு அறுந்திருக்கும். ஆயினும் அது எர்த்துக்கு மாற்று அன்று. இரண்டும் சேர்ந்தே பாதுகாப்பு அளிக்கும்.

கற்க வேண்டியவை

பயிலும் உதவியாளர் முதலில் கற்பது சுவரில் பள்ளம் வெட்டுவது, குழாய் பதிப்பது, கம்பி இழுப்பது ஆகியவற்றையே. பின்னர் இணைப்புகளைப் போடக் கற்கிறார். தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கக் காரணமாகும் என்பதைக் கருகிய ஸ்விட்சுகளைக் கழற்றிப் பார்த்தே அவர் நன்கு உணர்கிறார்.

அடுத்து வருவது சோதனை. ஸ்விட்சு, மின்னழுத்தமுள்ள ஃபேஸ் கம்பியில் அமைந்திருக்க வேண்டும். தவறி நியூட்ரல் கம்பியில் அமைந்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பின்னும் விளக்கின் பிடியில் மின்சாரம் இருக்கும். பல்பை மாற்றக் கை வைப்பவர் அதிர்ச்சிக்குள்ளாவார். கம்பியின் காப்பினை 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்து, தடை 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் சுவர் ஊறியிருக்கும் வேளையில் இந்த அளவு இறங்கக் கூடுமாதலால், கோடையில் நன்றாக இருந்த அமைப்பும் மழையில் சோதனைக்கு உரியது.

எர்த் அமைப்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தின் 3043 எண்ணுள்ள நெறிமுறை வழிகாட்டுகிறது. நாகம் பூசிய இரும்புக் குழாயாயின் அதன் விட்டம் 38 மில்லிமீட்டருக்கும், நீளம் 2.5 மீட்டருக்கும் குறையாதிருத்தல் வேண்டும். சமவெளியில் இதனைப் புதைப்பது எளிது. மலைச்சரிவில் நான்கடி தோண்டியதும் பாறை தட்டுப்படும் இடங்கள் உண்டு. அங்கே ஈரம் தங்கும் வேறு இடத்தைத் தேர்ந்தெடுப்பதா, ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களைப் புதைத்து இணைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். குழாயை வெட்டிச் சிறிதாக்கிப் புதைத்து மூடிவிட்டால் வீட்டுக்காரருக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. அத்தவறைச் செய்யாதிருக்கும் மனம், நல்ல மேற்பார்வையாளரிடம் பணி செய்த ஆண்டுகளில்தான் அமைகிறது.

குமுளியைச் சுற்றிலும் ஏலத்தோட்டங்கள் நிறைந்துள்ளன. ஏலக்காய் உலர்த்தும் கூடங்களில் காற்று வீசும் மோட்டார்கள் இயங்குகின்றன. விடுதிகளும் கடைகளும் மின்தடைக்கு அஞ்சி ஜெனரேட்டர் வைத்துள்ளன. இந்த ஜெனரேட்டரை இணைக்கும் முறையில் ஒரு பெரும் அபாயம் மறைந்திருக்கிறது. மின்வாரியத்தின் இணைப்பை முற்றிலும் பிரித்த பின்னரே ஜெனரேட்டர் இணையுமாறு, இரு வழி மாற்று ஸ்விட்சு ஒன்றைப் பொருத்துவது முறை. அதனை விடுத்து, ஏதேனும் ஒரு பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தால், அது அளவியைக் கடந்து வெளிக்கம்பிக்குள்ளும் புகும். வீதியின் மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைப்பது. பின்னோக்கி வரும் மின்சாரத்தை அதே விகிதத்தில், ஏறத்தாழ 25 மடங்கு, உயர்த்தவும் செய்யும். மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது என்று நம்பிக் கம்பத்தின் மேல் நிற்கும் ஊழியரின் உயிர், இவ்வாறு முகமறியாத ஒருவரின் அரைகுறை வேலையால் போகக்கூடும்.

காட்டோரத் தோட்டங்களின் மின்வேலியும் இத்தகையதே. முறையான மின்வேலிக் கருவி, நொடிக்கு ஒரு முறை அளவில், மிகக் குறுகிய நேரத் துடிப்பாக, வரையறுத்த ஆற்றலையே செலுத்தும். விலங்கு அதிர்ந்து விலகும், இறக்காது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் இணைப்பதோ சட்டப்படி குற்றம். யானையையும் மனிதரையும் ஒருங்கே கொல்லும் செயல். அவ்வாறு இணைத்துத் தருமாறு கேட்கும்போது மறுத்துரைக்கும் துணிவும் சான்று பெற்றவரின் கடமையாகும்.

சான்று பெறும் வழிகள்

இத்தொழிலுக்கு வரும் இளைஞருக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தொழிற்பயிற்சி நிலையத்தின் வழி. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டில் இந்திய அரசினால் தொடங்கப்பட்டது. அதில் எலெக்ட்ரீஷியன் பிரிவும் வயர்மேன் பிரிவும் தனித்தனியே உள்ளன. இரண்டும் ஈராண்டுப் பயிற்சிகள். முன்னதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பின்னதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. குமுளிப் பகுதி மாணவர்களுக்குக் கேரளத்தில் கட்டப்பனையிலும், தமிழ்நாட்டில் தேனியிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. பயிற்சியின் முடிவில் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கிறது. அதன்பின் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனத்தில் பழகுநராகச் சேர்ந்து உதவித்தொகையுடன் அனுபவம் பெறலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். தேசியத் தொழிற் சான்றிதழ் ஒருவர் பயிற்சி பெற்றதைக் காட்டுவது. மின்கம்பி வேலை செய்வதற்கான அனுமதிச் சான்று அன்று. அதனைக் காட்டி, உரிமம் வழங்கும் வாரியத்திடம் தனியே விண்ணப்பித்தே அனுமதியைப் பெறவேண்டும்.

இரண்டாவது, வேலையிலேயே பழகி வரும் வழி. பள்ளிப் படிப்பைத் தொடர இயலாதவர்கள் இவ்வழியில் மிகுதி. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. இதற்கு விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராகவும், மின் ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உடையவராகவும் இருத்தல் வேண்டும். இத்தேர்வில் வென்றவர் உதவியாளர் சான்று பெற்று, பின்னர் மின்கம்பியாளர் நிலைக்கு உயர வழி உண்டு. கேரளத்தில் அம்மாநில வாரியமே வயர்மேன் தேர்வையும் மேற்பார்வையாளர் தேர்வையும் நடத்துகிறது.

மின்பொறியியலில் டிப்ளமோ அல்லது பட்டம் பெற்றோர், குறித்த கால அனுபவத்துடன் மேற்பார்வையாளர் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தக்காரர் உரிமத்திற்கோ சோதனைக் கருவிகளும், சான்று பெற்ற பணியாளர்களும் தம்மிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். எல்லாச் சான்றுகளும் குறித்த காலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டியவை. கட்டணமும் தகுதி விவரங்களும் காலந்தோறும் மாறக்கூடுமாதலால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்தே செயற்படுதல் வேண்டும்.

எழுதப்படாத ஆண்டுகள்

இரண்டாவது வழியில் வருவோர்க்கு நேரும் பெருந்துன்பம் ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர், எட்டு ஆண்டுகள் வேலை செய்கிறார். கம்பி இழுப்பதிலும் இணைப்புப் போடுவதிலும் தேர்ந்துவிடுகிறார். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்தாண்டு அனுபவத்திற்குச் சான்று கேட்கின்றனர். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவருக்கே உரிமம் இல்லையெனில், அவர் தரும் கடிதம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. எட்டு ஆண்டுகளும் உழைப்பாக இருந்தன. கணக்கில் மட்டும் ஏறவில்லை. மனமுடைந்த இளைஞர் சான்றின்றியே தொழிலைத் தொடர்கிறார். விபத்து நேர்ந்தால் பழியும் அவர்மீதே விழுகிறது.

இதனைத் தவிர்ப்பது கடினமன்று. வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே, சேர்த்துக்கொள்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தாமா என்று கேட்டறிய வேண்டும். ஒரு குறிப்பேட்டில் தேதி, வேலை நடந்த இடம், வேலையின் தன்மை ஆகியவற்றை எழுதி, மாதந்தோறும் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற்றுவைத்தல் நலம். கூலி பெற்றதற்கான சீட்டுகளையும் சேர்த்துவைக்கலாம். இவை தாமாகவே சான்றாகிவிடா. ஆயினும் ஐந்தாண்டுகளுக்குப் பின் அனுபவக் கடிதம் கேட்கும்போது, கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஆதாரமாக நிற்கும்.

ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் செய்யத்தக்கவை

எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பயிலும் மாணவருக்கு இவ்விரு வழிகளையும் எடுத்துரைக்க ஆசிரியரைவிடத் தகுந்தவர் இலர். மேலே கூறிய 23 ஓம் கணக்கு, ஓம் விதியைக் கற்பிக்கும் அன்றே வகுப்பில் போடத்தக்கது. தம் வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ளதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் இணைப்பு அறுகிறதா என்பதைப் பெரியவர்களைக் கொண்டு பார்த்துவருமாறு மாணவரிடம் சொல்லலாம்.

கிராமங்களுக்குச் செல்லும் களப் பணியாளர்கள், புதிதாக வீடு கட்டுவோரிடமும் மோட்டார் வைப்போரிடமும் இரண்டு செய்திகளைச் சொல்லலாம். ஒன்று, வேலை செய்பவரின் அனுமதிச் சான்றைக் கேட்டுப் பார்த்தல். மற்றொன்று, வேலை முடிந்தபின் காப்புத் தடையும் எர்த் தடையும் எத்தனை என்று எண்ணாகக் கேட்டு எழுதி வாங்கல். வேலையே பார்க்காத ஒருவரின் கையொப்பத்தை விலைக்குப் பெற்று அறிக்கையில் இடுவிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அளக்காமல் எழுதிய எண் உயிரைக் காக்காது என்பதை வீட்டுக்காரர் அறிந்துவிட்டால், அவ்வழக்கம் தானே தேய்ந்துவிடும்.

சான்று பெறாத தொழிலாளரைக் கண்டால் அவரைக் குற்றவாளிபோல் நடத்துவதால் பயனில்லை. அவர் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தார், யாரிடம் செய்தார் என்று கேட்டு, அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தை நிரப்ப உதவுதல் நன்று. கைத்திறன் அவரிடம் முன்னமே இருக்கிறது. அதனுடன் அளந்து பார்க்கும் பழக்கமும், அதற்குச் சாட்சி கூறும் சான்றும் சேர்ந்துவிட்டால், அவர் கட்டிய வீட்டில் ஈரக் காலுடன் நடக்கும் குழந்தையும், மழை இரவில் கம்பத்தில் ஏறும் ஊழியரும் அச்சமின்றி இருப்பர்.